நெற்றியில் வைத்த ஓட்டு மை

கூச்ச சுபாவக்காரனுக்கு உலகத்திலேயே பயங்கரமான இடம் சுடுகாடு அல்ல, அலுவலகக் கவுண்டர். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒருவர் நிமிர்ந்து பார்த்தாலே எனக்கு வந்த காரியம் மறந்துவிடும். ஐம்பது வயது தாண்டும்வரை நான் ஓட்டுப் போடாததற்குக் காரணம் கொள்கை எதுவும் இல்லை. (காப்பிக் கடையில் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தேன்.) அப்போதெல்லாம் வாக்காளராக வேண்டுமென்றால் தபால் நிலையத்துக்குப் போய் நாமே பதிந்துகொள்ள வேண்டும். நானும் போனேன். என் முறை வந்ததும் தபால்தலை வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன். இப்படிப் பல தடவை. வீட்டில் தபால்தலை நிறைய இருந்தது. கடிதம் எழுதத்தான் ஆள் இல்லை.

தாத்தா வெள்ளைக்காரன் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். அவர் கையைத் தூக்கியதெல்லாம் காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் எண்ணிப் பேர் கூப்பிட்டபோது மட்டும்தான். அப்பா, நாடு சுதந்திரம் அடைந்த பிறகு, அதிகாரி முன்னால் மலாய் பேசிக் காட்டிக் குடியுரிமை வாங்கினார். தேர்தல் நாளில் தீபாவளிச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் போவார். அவருடைய மகனான நான் தபால்தலை சேர்த்தேன்.

அப்புறம் நாடாளுமன்றம் அரசியலமைப்பையே திருத்தியது. பதினெட்டு வயதில் ஓட்டு. பேரும் தானாகவே பட்டியலில் ஏறிவிடும். எதற்கும் ஒத்துப்போகாத ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் இதற்கு மட்டும் சேர்ந்து நின்றன. இளைஞர்களுக்காகச் செய்தார்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். கவுண்டரைக் கண்டு பயப்படும் ஒரு கல் தொழிற்சாலைத் தொழிலாளியை நினைத்துச் செய்தார்கள் என்றுதான் எனக்குப் பட்டது.

அப்படியும் நான் போகிற எண்ணத்தில் இல்லை. என் மகள் தர்ஷினிக்கு அப்போதுதான் பதினெட்டு முடிந்திருந்தது.

"நீங்க போடலன்னா நானும் போட மாட்டேம்பா" என்றாள்.

வேறு வழியில்லாமல் கிளம்பினேன்.

எங்கள் ஊர் புந்தோங்கில் ஒரு பள்ளிக்கூடத்தில் வாக்களிப்பு. வயதைப் பார்த்து வகுப்பறைகளைப் பிரித்திருந்தார்கள். தர்ஷினி சின்னப் பிள்ளைகள் வரிசைக்குப் போனாள். என் வரிசையில் அத்தனை பேரும் என் வயது; அதாவது பாதிப் பேர் என்னோடு படித்தவர்கள். எனக்கு நேர் பின்னால் செல்வம். மூன்றாம் வகுப்பில் நான் வகுப்பிலேயே ஒன்றுக்குப் போனதை இன்றும் கல்யாண வீடுகளில் சொல்லிக்கொண்டிருப்பவன்.

முதல் மேசையில் என் அடையாள அட்டையை வாங்கி, "முனியாண்டி அனாக் லெலாக்கி சுப்பையா", அதாவது சுப்பையா மகன் முனியாண்டி, என்று ஊருக்கே கேட்கும்படி படித்தார்கள். இரண்டாவது மேசையில் ஒரு மலாய்ப் பெண் என் இடது ஆள்காட்டி விரலை மையில் தோய்த்தாள். பயத்தில் இருக்கும்போது விரல் நுனியில் ஈரமாக, நிறமாக ஏதாவது பட்டால் இத்தனை வருடம் என்ன செய்தேனோ அதையே செய்தேன். கண்ணை மூடிக்கொண்டு நெற்றியில் வைத்துக்கொண்டேன்.

கண்ணைத் திறந்தால் அறையே என் நெற்றியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அலாமா, பாக்சிக்" என்றாள் அந்தப் பெண். 'அடடா, பெரியப்பா' என்கிற மாதிரி மெதுவாகத்தான் சொன்னாள்.

செல்வம் மெதுவாகச் சொல்லவில்லை. "மச்சான், தட்டுல காசு கீசு போட்டுறாதலா."

வரிசை முழுவதும் சிரித்தது. நான் அவசரமாகப் புறங்கையால் துடைத்தேன். பொட்டு பட்டையானது. அதே கையோடு நாடாளுமன்றத்துக்கு ஒன்று, மாநிலத்துக்கு ஒன்று என்று இரண்டு சீட்டுகளை வாங்கிக்கொண்டு மறைப்புக்குள் ஓடினேன். அங்கே போய்ப் பார்த்தால் நாடாளுமன்றச் சீட்டில் மூன்று வேட்பாளர்கள் மேல் பெரிய கறுப்புக் கறை. நல்ல வேளை, மாநிலம் தப்பித்திருந்தது.

அப்படியே மடித்துப் பெட்டியில் போட்டுவிடலாம். செல்லாத ஓட்டு என்னுடையதென்று யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் வெளியே தர்ஷினி "போட்டாச்சாப்பா?" என்று கேட்பாள். போட்டேன் என்று அவளிடம் சொல்ல வேண்டும். எவ்வளவு நேரம் நின்றேனோ, பக்கத்து மறைப்பில் இரண்டு பேர் வந்து போய்விட்டார்கள்.

கடைசியில் தலையை வெளியே நீட்டினேன். "புவான், கெர்த்தாஸ் சாயா கோத்தோர்." அம்மா, என் சீட்டு அழுக்காகிவிட்டது. குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னேன்.

அந்த அறைக்குத் தலைவியான அம்மாள் எழுந்து வந்தார். அடுத்து திட்டுதான் என்று தோளைக் குறுக்கிக்கொண்டேன். அவர் சீட்டைப் பார்த்தார், என் நெற்றியைப் பார்த்தார், சிரிப்பை விழுங்கினார். கை தவறிக் கெட்டுப்போனால் பழசைத் திருப்பித் தந்துவிட்டு வேறு வாங்கிக்கொள்ளச் சட்டத்தில் இடம் இருக்கிறது என்றார். எனக்கு நம்ப முடியவில்லை. சட்டம் எழுதியவர்கள் எத்தனையோ பெரிய விஷயங்களுக்கு நடுவில், நான் வந்து கெடுப்பேன் என்று யோசித்து வைத்திருக்கிறார்கள்.

பழைய சீட்டை ரத்து செய்து தனியே வைத்தார். ஆளுங்கட்சி முகவரும் எதிர்க்கட்சி முகவரும் எட்டிப் பார்த்துத் தலையாட்டினார்கள். வெளியே இருந்திருந்தால் ஒருவர் முகத்தில் ஒருவர் முழித்திருக்க மாட்டார்கள். பிறகு அந்த அம்மாள் என் கையைக் காட்டி, மை காயட்டும், அவசரமில்லை என்றார். அரசாங்கமும் எதிர்க்கட்சியும் என் விரல் காய்வதற்காகக் காத்திருந்தன. தாத்தாவின் தோட்டத்தில் துரை யாருக்காகவும் காத்திருந்ததாகக் கேள்விப்பட்டதில்லை.

ஓட்டுப் போட்டேன். இரண்டும் சுத்தமாக.

வெளியே தர்ஷினி என்னைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. போனை எடுத்துப் படம் பிடித்துவிட்டுத்தான் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். வீட்டில் என் மனைவிக்கு மை பிரச்சினையே இல்லை. "பீச்சாங்கையாலயா வச்சீங்க?" என்பதுதான் பிரச்சினை. மை மறைகிறவரை தினமும் பட்டையாகத் திருநீறு பூசிக்கொண்டு வேலைக்குப் போனேன். தொழிற்சாலையில் என்னைச் சாமியார் என்றார்கள்.

இப்போது எங்கள் குடும்பத்தில் யாருக்குப் பதினெட்டு முடிந்தாலும் அந்தப் படத்தைக் காட்டுவது சடங்காகிவிட்டது. போன மாதம் என் தங்கை மகளின் முறை. சிரித்து முடித்ததும் அந்தப் பெண், "எனக்கும் சீட்டு கெட்டுப்போனா என்னம்மா பண்றது?" என்று கேட்டாள்.

"வேற சீட்டு கேளு" என்றாள் என் தங்கை. "மாமாவே வாயத் திறந்து கேட்டுருக்காரு. ஒனக்கு என்னலா?"