சந்தியாகப்பர் குதிரை போட்ட சிவப்புத் தேர்

சேசு மரி சூசை துணை

சின்னூரணிப்பட்டி,
6-2-1965, சனிக்கிழமை ராத்திரி

என் அன்புக்கும் மரியாதைக்கும் உரிய அந்தோணிமுத்து மாமா அவர்களுக்கு, தங்கள் அக்காள் மகள் அற்புதமேரி தோத்திரம் சொல்லி எழுதிக்கொண்டது. இங்கே அப்பா, ஆத்தா, தம்பி, சினை ஆடு எல்லோரும் சர்வேசுரன் கிருபையால் சுகம். நான் மட்டும் சுகமில்லை. காய்ச்சல் இல்லை, பயம். ஆத்தா தூங்கிவிட்டாள். அப்பா கொல்லர் வீரய்யாவோடு பட்டறைக்குப் போயிருக்கிறார். அவர் திரும்புவதற்குள் எழுதி முடிக்க வேண்டும். கையெழுத்தைப் பார்த்துக் கோபப்பட வேண்டாம்.

தாங்கள் கப்பலில் இத்தாலி தேசத்துக்குப் போனபோது வாங்கி அனுப்பிய சோப்பும் படப் புத்தகமும் பொங்கலுக்கு முன்பே வந்து சேர்ந்தன. 'வழவழ காகிதம், நோட்டுக்கு அட்டை போட்டுக்கொள்' என்று எழுதியிருந்தீர்கள். போட்டிருந்தால் இந்தக் கடிதமே இல்லை. புத்தகம் முழுக்க ஒரே கம்பெனியின் மோட்டார் கார்கள். முதல் பக்கத்தில் நான் பிறப்பதற்கு முந்திய கார், தவளைக் கண்ணும் உருண்டை உடம்புமாக. கடைசிப் பக்கத்தில் போன வருஷத்துக் கார், மூக்கு நீண்டு, தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டு. எல்லாவற்றின் மூக்கிலும் மஞ்சளுக்கு நடுவே ஒரு கறுப்புக் குதிரை பின்னங்காலில் எழும்பி நின்றது. நான் கிழிக்கப்போன நேரம் அப்பா அதைப் பார்த்துவிட்டார். "அடியே, கிழிச்சுப்புடாத! இது சந்தியாகப்பர் குதிரையில்ல?" என்றார். "அவரு குதிரை வெள்ளையில்ல?" என்று ஆத்தா கேட்டாள். "அச்சுல கருத்துப்போச்சு" என்றார் அப்பா. குதிரை மேலிருக்க வேண்டிய சந்தியாகப்பர் எங்கே என்றதற்கு, "உள்ள உக்காந்திருப்பாரு" என்றார்.

மாதா திருவிழாத் தேரைக் கறையான் தின்றுவிட்டதும், புதுத் தேர் செய்யும் தச்சு வேலையை ஊர் அப்பாவிடம் ஒப்படைத்திருப்பதும் தங்களுக்குத் தெரியும். பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கூட்டம் போட்டபோது அப்பா புத்தகத்தை நடுவில் வைத்துவிட்டார். உபதேசியார் புரட்டிப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டு, "இது ரோமாபுரிப் பக்கத்து எழுத்துய்யா. யாரு வாசிக்கிறது?" என்றார். "எம் மக வாசிக்கும். இங்கிலீசுல எழுபத்தொண்ணு வாங்குன புள்ள" என்றார் அப்பா. மாமா, பாவசங்கீர்த்தனத்தில்கூட நான் இதைச் சொல்லவில்லை. வாங்கியது பதினொன்று. முதல் ஒன்றை நான்தான் ஏழாக்கினேன். பெயிலானால் படிப்பை நிறுத்தி, மீமிசல் அத்தை வீட்டுக்குக் கருவாடு காயப்போட அனுப்பிவிடுவதாக அப்பா சொல்லியிருந்தார். அங்கே போன மரிய செல்வி அக்கா பூசையில் நன்மை வாங்க வந்து நின்றால் பூனைகளும் கூடவே வந்து நிற்கின்றன.

புத்தகத்தில் எழுத்தெல்லாம் இங்கிலீஷ் எழுத்து, ஆனால் ஒரு வார்த்தையும் இங்கிலீஷ் இல்லை. ஊரே என் வாயைப் பார்த்தது. 'பெர்ராரி' என்ற பெயரை மட்டும் எழுத்துக்கூட்டினேன். "அது எந்த அர்ச்சியசிஷ்டவர் பாப்பா?" என்று ஒரு புனிதரின் பெயர் என்றே நினைத்து உபதேசியார் கேட்டார். "அர்ச்சியசிஷ்டவர் இல்லைங்க, தச்சர்" என்றேன். அன்றைக்கு நான் சொன்னதில் அது ஒன்றுதான் கொஞ்சமாவது உண்மை. அதற்குப் பிறகு வாய் தானாக ஓடியது. இவை மாதாவுக்காகச் செய்த தேர்கள் என்றேன். பழைய மாதிரி உயரமாக இருந்ததாம், தாழ்மையே புண்ணியம் என்பதால் வருஷா வருஷம் தாழ்த்திக்கொண்டே வந்தார்களாம், சிவப்பு வேதசாட்சிகளின் இரத்தமாம். படத்துக்கு அடியில் 166, 250, 275 என்று போட்டிருந்தது. "அது என்ன நம்பரு?" என்று ஒருவர் கேட்டார். கோவில் பலகையில் நம்பர் எழுதியிருப்பது ஞாபகம் வந்து, "பாட்டு நம்பருங்க" என்று சொல்லிவிட்டேன்.

அன்றிலிருந்து பாடகர் குழு அந்த மூன்று பாட்டையும் பழகுகிறது. 275 பிரேதம் எடுக்கும்போது பாடுவது. "ரோமையில சொன்னா காரணம் இல்லாமலா இருக்கும்?" என்று உபதேசியார் இன்னும் உருக்கமாகப் பாடச் சொல்கிறார். எதிர்வீட்டுச் சொர்ணவல்லி தினமும் சாயங்காலம் வாசலுக்கு ஓடிவந்து, "யாருப்பா போயிட்டா?" என்று கேட்டுவிட்டு, ஒருவரும் போகவில்லை என்றதும் முகம் வாடித் திரும்பிப் போகிறாள்.

தேர் முடிந்துவிட்டது மாமா. அப்பா கடைசிப் பக்கத்து மாதிரியைத்தான் செய்தார். முழங்கால் உயரம், பதினான்கு அடி நீளம், ஒரே சிவப்பு. உட்கார இரண்டே இடம். மாதாவுக்கு ஒன்று, சூசையப்பருக்கு ஒன்று. "மிக்கேல் சம்மனசு எங்கப்பா உக்காருவாரு?" என்றேன். "அவருக்குத்தான் றெக்கை இருக்குல்ல, அவரு பாட்டுக்கு வருவாரு" என்றார். வீரய்யா முதலில் பார்த்தபோது, "ஏய்யா சந்தனசாமி, இது தேரா, மீமிசல் திருக்கை மீனா? வாலு எங்கய்யா?" என்று சிரித்தார். பிறகு அவரே காரைக்குடியிலிருந்து பழைய லாரி பேரிங்கு வாங்கிவந்து சக்கரத்தில் போட்டு, "ஒத்த விரலால தள்ளு, திருச்சிக்குப் போயிரும்" என்கிறார்.

இனிமேல்தான் முக்கியம். புதன்கிழமை பங்குக்குப் புதுச் சாமியார் வருகிறார். ரோமாபுரியில் ஏழு வருஷம் படித்தவராம். அன்று சாயங்காலமே அவர் கையில் அந்தப் புத்தகத்தைக் கொடுத்து ஊர் முன்னால் வாசிக்கச் சொல்லப்போகிறார்கள். அப்பா ஆவுடையார்கோவில் சந்தை வரைக்கும் போய் எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது. சாமியார் வாசித்ததும் ஊர் சிரிக்கும், அப்பா தலையைக் குனிந்துகொண்டு நிற்பார். கருவாட்டைக்கூட நான் தாங்கிக்கொள்வேன் மாமா, அதைத் தாங்க மாட்டேன்.

ஆகையால் தாங்கள் கொச்சியில் கப்பல் நிற்கும்போதே ஒரு தந்தி கொடுக்க வேண்டும். 'அர்த்தமெல்லாம் நான் சொல்லிக்கொடுத்தது, பிழை என்னுடையது' என்று. தாங்கள் கடலில் இருப்பவர், ஊரால் தங்களை ஒன்றும் செய்ய முடியாது. புத்தகத்தைத் திருடி அடுப்பில் போடலாம் என்று பார்த்தேன், அளவு சரிபார்க்க அப்பா பட்டறைக்கு எடுத்துப் போய்விட்டார். இப்போது ஊரணிப் பக்கம் தொம்மென்று ஒரு சத்தம். நாயெல்லாம் குரைக்கிறது. பிசாசு என்னைத் தேடி வீடு வீடாக வருகிறது என்று நினைக்கிறேன். கண்ணும் சொருகுகிறது.

தங்களைக் கடலிலும் கரையிலும் மாதா காப்பாளாக. எனக்காகவும் ஒரு அருள்நிறைந்த மந்திரம் சொல்லவும்.

தங்கள் கீழ்ப்படிந்த மருமகள்,
அற்புதமேரி

பின்குறிப்பு: மச்சானுக்குச் சந்தனசாமி எழுதுவது. புள்ள இந்தக் காகிதத்தின் மேலேயே தலைவைத்துத் தூங்கிவிட்டது, கன்னமெல்லாம் மை. முழுதும் வாசித்தேன். காரைக்குடியில் ஆறு வருஷம் லாரிக்குப் பாடி கட்டினவனுக்கு மோட்டார் எது தேர் எது என்று தெரியாதா? பெட்டி பெட்டியாகச் செய்தே கை சலித்துப்போனது. அந்தப் படத்தைப் பார்த்ததும் ஒரே ஒரு தடவை அப்படிச் செய்துவிட ஆசை. ஊர் சம்மதிக்க ரோமாபுரி எழுத்து வேண்டியிருந்தது, வாசிக்கப் புள்ள இருந்தது. எழுபத்தொன்றும் முதல் நாளே தெரியும். தச்சன் கண்ணுக்கு ஒட்டுப்போட்ட இடம் தெரியாதா? மீமிசலுக்கெல்லாம் அனுப்ப மாட்டேன். அவள் கேட்ட தந்தியும் வேண்டாம். நானும் வீரய்யாவும் சற்று முன்னால் தேரைத் தள்ளிப் பார்த்தோம். ஓடியது, அழகாகத்தான் ஓடியது. சக்கரத்துக்கு முட்டுக்கட்டை கொடுத்து நிறுத்த அடியில் கை நுழைய இடமில்லை. இப்போது ஊரணிக்குள் இருக்கிறது, மூக்கும் குதிரையும் மட்டும் வெளியே தெரிகிறது. புத்தகமும் அதற்குள்தான். வியாழக்கிழமை திருவிழா. புள்ளைக்கு இதை எழுதிவிட வேண்டாம், பயந்த சுபாவம். தாங்கள் எனக்கு வேறு ஒரு தந்தி கொடுக்கவும்: அந்த இத்தாலி ஊர்க்காரர்கள் இதை எப்படி நிறுத்துகிறார்கள்?