பிணம் எழுந்து போனது கவனக்குறைவல்ல

ஞாயிறு சினிமாப் பக்க ஆசிரியர் ஐயா அவர்களுக்கு, பத்து காஜா ஊரிலிருந்து பத்துமலை என்பவன் எழுதுவது. தாங்களும், அச்சுக் கோக்கிற அண்ணன்மார்களும் சுகமாயிருக்க வேண்டும். நான் ஜெனரேட்டர் பழுது பார்ப்பவன். சுற்றி வளைக்கத் தெரியாது. உங்கள் கட்டுரை தப்பு.

இத்தாலிய இயக்குநர் எத்தோரே பால்மியேரி முடிவெட்டுகிறவர் மகன், ஸ்டூடியோவில் விளக்குத் தூக்கி வளர்ந்தவர், கௌபாய் படங்களில் பேர் வாங்கியவர் என்பதெல்லாம் சரி. "கடைசிப் படத்தில் சுடப்பட்ட பிணம் எழுந்து நடக்கிறது, அந்தக் கவனக்குறைவோடு அவர் தொழிலும் முடிந்தது" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தப் பிணம் என் அப்பா உடையப்பன். படம் எடுத்தது எங்கள் ரப்பர் தோட்டத்தில், எழுபத்தெட்டில். வெளிச்சத்துக்கு ஜெனரேட்டர் ஓட்டியது நான். கொள்ளைக்காரன் சுட்டான், அப்பா பால்மரத்தடியில் ஒழுங்காக விழுந்தார், அதுவரை பிசகில்லை. வேடிக்கை பார்க்க வந்த அம்மா நேராகக் கேமராவுக்கு முன்னால் போய் நின்றுகொண்டு, மொழிபெயர்க்க வந்த, தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியிடம், "தாலியோட நான் நிக்கிறேன், அவரு பொணமா கெடக்குறதா? எந்திரிக்கச் சொல்லுங்க" என்றார். டீசல் வீணாகிறதே என்று எனக்கு எரிச்சல். "நடிப்புலா அம்மா, வெளக்க அணைச்சதும் எந்திரிச்சிருவாரு" என்றேன். "அப்ப எந்திரிக்கிறதையும் நடிக்கட்டும். படம் பாக்குற சனத்துக்கு மட்டும் அவரு செத்தே கெடக்கணுமா?"

கிராணி தயங்கித் தயங்கி ஆங்கிலத்தில் சொன்னார். பால்மியேரி சிரிக்கவில்லை. தன் தாயும் இப்படித்தான் வந்து நின்றிருப்பாள் என்று சொல்லி, மறுபடி எடுத்தார். அப்பா செத்து, எழுந்து, கைலியைத் தட்டிவிட்டு, கழன்ற செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு நடந்தார். இதை வெட்ட மாட்டேன் என்று அம்மாவிடம் வாக்குக் கொடுத்தார் அந்த இத்தாலிக்கார மனுசன். பணம் போட்டவர்கள் வெட்டச் சொல்லியும் வெட்டவில்லை, அதற்குப் பிறகு அவருக்கு யாரும் படமே கொடுக்கவில்லை என்று பின்னால் கிராணி விசாரித்துச் சொன்னார். ஆகவே அது கவனக்குறைவு இல்லை ஐயா, கொடுத்த வாக்கு. வருகிற ஞாயிறே திருத்தம் போடுங்கள்.

உங்கள் பிள்ளைகுட்டிகள் நோய்நொடியில்லாமல் வளர அம்மா கருப்பம்மாளின் ஆசி.

இப்படிக்கு,
பத்துமலை

பி.கு.: உறையை ஒட்டுமுன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். திருத்தம் வேண்டாமாம். படம் அடுத்த மாதம் ஈப்போ தியேட்டரில் மறுபடி ஓடுகிறது. "ஒருக்கா எழுதிட்டாங்க, மறுபடியும் எழுதுனா தியேட்டர்காரன் கண்ணுல பட்டு, அவரு எந்திரிக்கிற எடத்த வெட்டக் கத்திரிய எடுத்துருவான். அந்த நல்ல மனுசன் இன்னும் கொஞ்ச நாள் கெட்ட பேரோட இருக்கட்டும்லா, கோவிச்சுக்க மாட்டாரு" என்கிறார். அப்பா போன தை மாதம் தவறிவிட்டார். இனி அவர் எழுந்திருப்பது அங்கே மட்டும்தான்.