நேரலை மாப்பிள்ளை

மனிதர்களில் வேடிக்கை பார்க்கிறவர்கள் ஓர் இனம். வேடிக்கை காட்டுகிறவர்கள் இன்னோர் இனம். இந்த இரண்டிலும் சேராமல், வேடிக்கை நடக்கிற இடத்துக்கே போய், அதற்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, கையை எட்டின மட்டும் நீட்டிப் பிடித்து, "தெரியுதா? இப்பத் தெரியுதா? இரு, கேமராவத் திருப்பறேன்" என்று எங்கோ இருப்பவர்களிடம் மன்றாடிக்கொண்டிருக்கும் மூன்றாவது இனம் ஒன்று சமீபத்தில் ஏகமாகப் பெருகியிருக்கிறது. அந்த இனத்தவருக்கு நேரலை மனிதர் என்று பெயர் வைத்திருக்கிறேன். நீங்கள் அவரைக் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். அவர் உங்களைப் பார்த்திருக்க மாட்டார்.

ஒகேனக்கல்லுக்குப் போனால் அருவியை முழுசாகப் படம் பிடித்துக்கொண்டு வருவார். தண்ணீர் எப்படி என்று கேட்டால், "இரு, வீடியோவுல பாத்துச் சொல்றேன்" என்பார். வத்தல்மலை உச்சியில் எல்லோரும் பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டிருக்க, இவர் மட்டும் சிக்னலைத் தேடிக்கொண்டிருப்பார். ஹோட்டலில் தோசை வந்தால் முதலில் சாப்பிடுவது போன்தான். கல்யாணத்தில் தாலி கட்டும் நேரத்தில், பந்தலில் இருக்கிற இருநூறு பேருக்கும் மறைத்துக்கொண்டு, வர முடியாத ஒரே ஒரு சித்தப்பாவுக்காக மேடையில் ஏறி நிற்பார். இதில் பெருமையடிக்கிற புத்தி இருக்கிறது என்று நினைத்தால் அது தப்பு. நேரலை மனிதர் தங்கமானவர். தொல்லையே அதுதான்.

எங்கள் குடும்பத்தில் ஒரு தங்கம் இருக்கிறது. என் தங்கை யுவராணியின் கணவர் மாதவராஜ். ஊர் கடத்தூர், வேலை மெல்போர்னில். நல்லதாக எதைக் கண்டாலும் தனியாக அனுபவிக்கக் கூடாது என்பது அவர் ரத்தத்தில் ஊறின விஷயம். அது எப்போது ஊறியது என்று எனக்குத் தெரியும். அவர்கள் மறுவீட்டுக்கு வந்தபோது.

எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியாதா? மறுவீட்டுக்கு வந்த புது மாப்பிள்ளை பெண்ணைச் சினிமாவுக்குக் கூட்டிப்போக வேண்டும். பெண்ணை என்றால் பெண்ணை மட்டுமா? பெண்ணின் தங்கைகள், பெரியம்மா பிள்ளைகள், அவர்கள் பிள்ளைகள், "நானும் வரேங்க" என்று செருப்பைப் போட்டுக்கொண்டு முன்னால் நிற்கும் பக்கத்து வீட்டுக்காரர்கள் என்று ஒரு டெம்போ நிறைய ஆட்கள். தர்மபுரி தியேட்டரில் யாருக்கு எங்கே இடம் என்று சண்டை வந்து, மாப்பிள்ளை பெருந்தன்மையாகத் தன் இடத்தை என் பெரியம்மாவுக்கு விட்டுக்கொடுத்து, கடைசி வரிசையில் தூண் ஓரமாக உட்கார்ந்தார். யுவராணி முன்னால், பெரியம்மாவுக்குப் பக்கத்தில். படம் பூராவும் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். மாப்பிள்ளையோ பிள்ளைகளுக்கு முறுக்குப் பங்கிட்டுக்கொண்டிருந்தார். ஊரே மெச்சியது.

அதன் பிறகு எந்தச் சினிமாவுக்கும், எந்தத் திருவிழாவுக்கும் அவர்கள் இரண்டு பேராகப் போனதில்லை. மெல்போர்னுக்குப் போன பிறகு டெம்போவுக்கு வழியில்லை. ஆனால் போன் இருக்கிறதே.

போன மாதம் அவர்கள் கல்யாண நாள். யுவராணி ஆசைப்பட்டு ஒரு பாட்டு நாடகத்துக்கு இரண்டு டிக்கெட் போட்டிருந்தாள். பெரிய அரங்கம், சிவப்பு இருக்கை, வாத்தியக்காரர்கள் பள்ளத்தில் உட்கார்ந்து வாசிப்பார்களாம். எனக்குப் போன் செய்து சொன்னாள்.

"அண்ணா, பக்கத்துப் பக்கத்து சீட்டு. நானும் அவரும் மட்டும். இந்த ஒரு வாட்டியாவது நான் திரும்பிப் பாத்தா அவரு பக்கத்துல இருக்கணும்ணா."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனாலும் எனக்கு மனசு என்னவோ செய்தது.

அந்தச் சனிக்கிழமை மதியம் மாதவராஜ் வீட்டிலிருந்து எனக்கு அவசர அழைப்பு. அவர் அப்பா ராஜப்பன் மாமா பேசினார். "மச்சானக் கூப்டுங்க, அவருக்குத்தான் போன டிவில போடத் தெரியும்னு மாது சொன்னானுங்க. எங்களையும் நாடகத்துக்குக் கூட்டிட்டுப் போறானாம்." எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. இருந்தாலும் சம்பந்தி வீட்டில் கூப்பிட்டால் போகாமல் இருக்க முடியுமா? போனேன். இங்கே சாப்பாட்டு வேளை, அங்கே இருட்டும் வேளை. கூடத்தில் மாப்பிள்ளையின் அம்மா தீர்த்தம்மாள் அத்தை குளித்து, பொட்டு வைத்து, நாடகத்துக்குப் போகிறவராகவே உட்கார்ந்திருந்தார். அக்கம்பக்கத்து ஆட்களும் வந்திருந்தார்கள். டெம்போதான். பெட்ரோல் மட்டும் மிச்சம்.

டிவியில் மாதவராஜின் முகம் வந்தது. காதில் புளூடூத். குரலைத் தாழ்த்தி, அதாவது அவர் நினைப்புக்குத் தாழ்த்தி, பேசினார்.

"தெரியுதா? அம்மா, மேல பாரு, சர விளக்கு. கேக்குதா?"

பக்கத்திலிருந்து யுவராணியின் குரல். "ஏங்க, போன ஆஃப் பண்ணச் சொல்லி இப்பத்தானே மைக்ல சொன்னாங்க."

"அது படம் எடுக்கறவங்களுக்கு யுவா. நான் வூட்டுக்குத்தானே பேசறேன்."

நேரலை மனிதருக்குச் சட்டம் தெரியாமல் இல்லை. அது மற்றவர்களுக்கு என்று அவருக்கு நிச்சயமாகத் தெரியும். போனைச் சட்டைப் பையில், கேமரா மட்டும் வெளியே எட்டிப் பார்க்கும்படி செருகிக்கொண்டார். நாடகம் ஆரம்பித்தது. எங்களுக்குத் தெரிந்தது முன் வரிசைக்காரரின் வழுக்கை.

"இவருதான் ஈரோவா?" என்றார் அத்தை.

மாப்பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்தார். மேடை தெரிந்தது. மலையூர் ஒன்றில் சின்ன ரயில் நிலையம். அங்கே ஒரு பெண். அவள் அப்பாவுக்குக் கண் மங்கிக்கொண்டே வருகிறது. எங்கிருந்தோ வந்த பாட்டுக்காரன் ஒருவன் அவளைத் தன்னோடு வந்துவிடச் சொல்கிறான். பாஷை புரியாவிட்டாலும் அழுகை புரியுமல்லவா? புரியாத இடங்களுக்கு மாப்பிள்ளை முணுமுணுப்பாக உரை சொல்லிக்கொண்டே வந்தார். யுவராணி இரண்டு தடவை "உஷ்" என்றாள். இங்கே அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்பன உட்டுட்டு எப்பிடிம்மா போவா?" என்று டிவியைப் பார்த்துக் கேட்டார்.

ரயில் வந்து நின்றது. அந்தப் பெண் ஒரு கையில் பெட்டியோடு படியில் காலை வைத்தாள். திரும்பி அப்பாவைப் பார்த்தாள். வாத்தியங்கள் எல்லாம் ஒரே சமயத்தில் நின்றன. அவ்வளவு பெரிய அரங்கத்தில் ஓர் இருமல்கூட இல்லை. நேரம் பார்த்து மாப்பிள்ளையின் புளூடூத்துக்குச் சார்ஜ் தீர்ந்தது. அது தீர்ந்தால் போன் என்ன செய்யும்? உள்ளே கேட்பதை வெளியே பேசும்.

அதே நொடியில் இங்கே அத்தை வீட்டுக் கொல்லையில் கன்றுக்குட்டி கயிற்றை அவிழ்த்துக்கொண்டது.

"ஐயோ! கன்னுக்குட்டி அவுத்துக்கிச்சு! அத்தினி பாலையும் குடிச்சிரும்! புடிங்கடா, ஓடுங்கடா!"

தீர்த்தம்மாள் அத்தையின் குரல் கடத்தூர் சந்தையில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கேட்கும். அன்றைக்கு மெல்போர்னில் கடைசி வரிசைக்கும் கேட்டது. முன் வரிசை வழுக்கை திரும்பியது. அதற்கு ஒரு முகம் இருப்பதை அப்போதுதான் பார்த்தோம். டார்ச் விளக்கோடு ஒரு அம்மாள் வந்தாள். மிக மரியாதையாக வாசலைக் காட்டினாள். மாதவராஜ் எழுந்தார்.

"வா யுவா, போலாம்."

அவர் இருக்கை மடங்கின சத்தம் மட்டும் கேட்டது.

"யுவா."

"நீங்க போங்க. நான் பாத்துட்டு வரேன்."

சத்தமில்லாமல் சொன்னாள். ஆனால் போன் பையில்தானே இருந்தது? எங்கள் எல்லோருக்கும் கேட்டது. கன்றைப் பிடிக்க ஓடினவர்கள்கூட நின்றுவிட்டார்கள். இடத்தை விட்டுக்கொடுத்தே பழகின வீட்டில் ஒருத்தி இடத்தை விட்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறாள். சொல்லிவிடுகிறேன், எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சம்பந்தி வீடாயிற்றே என்று முகத்தை மட்டும் வருத்தமாக வைத்துக்கொண்டேன்.

இன்னொருவராக இருந்தால் அத்தோடு போனை அணைத்திருப்பார். நேரலை மனிதரா அணைப்பார்? வெளி வராந்தாவில் நின்றுகொண்டு எங்களுக்குக் கம்பளத்தைக் காட்டினார். மாடிப்படியைக் காட்டினார். குடிதண்ணீர்க் குழாயைத் திறந்து, மூடி, மறுபடி திறந்து காட்டினார். யாருக்கும் அதில் நாட்டமில்லை.

"அதெல்லாம் இருக்கட்டும்டா. அந்தப் புள்ள ரயிலு ஏறினாளா இல்லியா?" என்றார் அத்தை.

"தெரிலம்மா."

"டிக்கெட்டு வாங்கிட்டுத்தானே போன?"

மாப்பிள்ளை கதவைப் பார்த்தார். மூடின கதவுக்குப் பின்னால் பாட்டு கேட்டது. கதவில் காதை வைத்துப் பார்த்தார். அங்கிருந்த காவலாளி தலையை ஆட்டவும் தள்ளி நின்றுகொண்டார். அவர் முகம் அவ்வளவு சிறுத்து நான் பார்த்ததில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக, காட்டுவதற்கு அவரிடம் ஒன்றுமில்லை.

கடைசியில் கதவு திறந்து கூட்டம் வெளியே வந்தது. யுவராணி வந்தாள். அழுத கண். ஆனால் முகம் பூராவும் சிரிப்பு. கல்யாணத்தன்றுகூட அவள் அப்படி இல்லை. அன்றைக்கு அவளைச் சுற்றி எத்தனை பேர்!

"யுவராணி, இங்க பாரும்மா!" டிவிக்குப் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தார் அத்தை. "கன்னப் புடிச்சுக் கட்டியாச்சு. அந்தப் புள்ள கடைசில என்னா ஆனா? சொல்லும்மா."

யுவராணி போனைக் கையில் வாங்கினாள். மாமியாரைப் பார்த்தாள். என்னையும் பார்த்தாள் என்றுதான் நினைக்கிறேன்.

"அது பெரிய கதைங்க அத்தை. போன்ல சொன்னா நல்லாருக்காது" என்றாள். டிவி இருட்டானது.

நாலு நாள் கழித்து எனக்குப் போன் செய்தாள். பயந்துகொண்டே கேட்டேன், "மாப்ள கோவமா இருக்காரா?"

"இல்லண்ணா. டிராம் ஏறினதும், 'ரயிலு ஏறினாளா?'ன்னு அவரே கேட்டாரு. நான் மொதல்லருந்து சொன்னேன். பாட்டெல்லாம் பாடியே காட்டினேன். எறங்கற எடம் வந்தும் எறங்கல, முடிவு கேட்டுட்டுத்தான் எறங்குவேன்னுட்டாரு. அவரு கையில போனே இல்லண்ணா. என்னத்தான் பாத்துட்டிருந்தாரு."

போனை வைக்கப் போகும்போது, "அன்னிக்குத்தான் நாங்க ரெண்டு பேரும் சேந்து ஒரு நாடகம் பாத்தோம்" என்றாள்.

அந்தப் பெண் ரயில் ஏறினாளா? எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை. தீர்த்தம்மாள் அத்தை இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார். மகன், தனக்கு மறந்துவிட்டதாகச் சொல்கிறாராம். மாப்பிள்ளை தேறிவிடுவார் போலிருக்கிறது.

உங்கள் சங்கதிதான் கொஞ்சம் கவலையாக இருக்கிறது. நேரலை மனிதரைப் பார்த்து இவ்வளவு தூரம் சிரித்துக்கொண்டே வந்தீர்கள், நல்லது. ஆனால் மறுவீட்டு சினிமா வந்த இடத்தில், "அப்படியே நம்ம சின்ன மாப்பிள்ளை" என்று இந்தக் கதைப் பக்கத்தைப் படம் பிடித்து யாருக்கோ அனுப்பினீர்களே, அவரும் சிரிப்பு பொம்மை போட்டுவிட்டாரே, அப்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், "என்ன சிரிக்கிறீங்க, எனக்கும் சொல்லுங்களேன்" என்று கேட்டாரே, அது உங்கள் காதில் விழுந்ததா?