படத்தில் கூட நின்றவர்கள்

அன்றைக்கு தேயிலைத் தோட்டத்து லயத்தில், எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில் இருந்தவர்கள்: அம்மா. தங்கை செல்வி. கந்தப்பளையில் இருந்து பெண் பார்க்க வந்த ரவி. ரவியின் அம்மா. தரகர் பெரியசாமி. நான்.

இன்னொருவரும் இருக்கிறார் என்றார் ரவியின் அம்மா. அவரைத் தேடித்தான் வந்திருந்தார்கள்.

படம் எடுக்கிறவனை யாரும் நம்பக்கூடாது. அனுபவத்தில் சொல்கிறேன். படம் எடுத்தவன் நான்.

தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கவ்வாத்து வெட்டுகிறேன். தேயிலைச் செடியைக் குட்டையாக வெட்டிவிடுகிற வேலை. கெமரா என் வேலை இல்லை. கட்டாருக்குப் போய் வந்த சித்தப்பா மகன் கொடுத்த பழைய டிஜிட்டல் கெமரா ஒன்று வீட்டில் கிடந்தது. பெட்டரி மூடியை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியிருக்கும். பின்பக்கத் திரை கறுத்துப் போய்விட்டது. படம் எப்படி வந்தது என்று கடையில் கழுவினால்தான் தெரியும்.

எல்லார் கையிலும் போன் இருக்கிற காலத்தில் இது எதற்கு என்று கேட்பீர்கள். ரவியின் அம்மாதான் காரணம். அவருடைய மூத்த மகனுக்கு முன்பு ஒரு பெண்ணின் போன் படம் வந்ததாம். நேரில் போய்ப் பார்த்தால், படத்தில் இருந்த பெண்ணை அந்த வீட்டில் யாருக்குமே தெரியவில்லையாம். (தரகர் சொன்னது. எனக்குப் பொறுப்பில்லை.)

"போன் படம் வேணாமுன்னுட்டாங்க தம்பி," என்றார் பெரியசாமி. "ஸ்டூடியோவும் வேணாமாம். அங்கயும் மூஞ்சில வெள்ளை அடிச்சிர்றானுங்களாம். பழைய கெமரால எடுத்து, கடதாசியில கேக்குறாங்க."

செல்வி தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறாள். ஏற்கெனவே வந்த சம்பந்தங்கள் தட்டிப் போயிருந்தன. ரவி காய்கறி லொறி ஓட்டுகிறவர். குடிக்கமாட்டார் என்று தரகர் சொன்னார். அம்மா நம்பாமல் ஆள் விட்டு விசாரித்தாள். உண்மைதான். செல்வி வாய் திறக்கவில்லை. ஆனால் தரகர் கொண்டுவந்த ரவியின் படத்தை அவரிடம் திருப்பிக் கொடுக்கவும் இல்லை. அதனால் இந்த இடம் தவறக்கூடாது.

நான் யோசித்தேன். உச்சி வெயிலில் எடுத்தால் கண் இருக்கிற இடம் குழி மாதிரி கறுப்பாக விழும். வீட்டுக்குள் வெளிச்சம் போதாது. கிட்டப் போய் எடுத்தால் மூக்கு பெருத்துத் தெரியும். பனி இறங்குகிற நேரம்தான் நல்லது. வெளிச்சம் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி விழும், கண்ணும் கூசாது. இதுவரை சரி. இப்போது கேட்டாலும் சரிதான்.

கல்யாண வீட்டில் ஒரு படக்காரர் தாடைக்குக் கீழே வெள்ளைத் துணி பிடித்ததைப் பார்த்திருந்தேன். வீட்டில் இருந்த வெள்ளைத் துணி, செத்துப்போன அப்பாவின் வேட்டி ஒன்றுதான். அதை அம்மா கையில் கொடுத்தேன்.

"என்னத்துக்குடா அவ தாடைக்குக் கீழ அப்பா வேட்டி?"

"மொகம் பளிச்சுனு இருக்கும்மா. ஆட்டாம புடிங்க."

"எனக்கு என்னமோ இது சரியாப் படல."

செல்வியை லயத்துக்கு வெளியே நிற்க வைத்தேன். பனி நன்றாக இறங்கியிருந்தது. அமுக்கினேன். பிளாஷ் அடித்தது. அது தானாக அடிக்கும். அதை நிறுத்துகிற பொத்தான் எங்கே என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

படத்தைத் தலவாக்கலையில் கழுவினேன். முகம் நன்றாக இருந்தது. செல்வி செல்வி மாதிரியே இருந்தாள். சுற்றிலும் வெள்ளை வெள்ளையாக வட்டங்கள். கடைக்காரர் ஏதோ டிசைன் போட்டிருக்கிறார் என்று நினைத்தேன். அதற்குத் தனியாகக் காசு கேட்டுவிடுவாரோ என்று வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன்.

பெரியசாமி படத்தோடு கந்தப்பளைக்குப் போனார். அதே படத்தோடு திரும்பி வந்தார். உட்காரவில்லை.

"தம்பி, ஒங்க வீட்ல யாராச்சும் கிட்டத்துல செத்தாங்களா?"

"அப்பாதான். போன வருசம். ஏன்?"

"தங்கச்சி தோள்கிட்ட இருக்க வட்டத்தப் பாருங்க. அதுக்குள்ள ஒரு ஆம்பள மூஞ்சி இருக்குன்னு அந்தம்மா சொல்லுது."

அம்மா படத்தைப் பிடுங்கி வாசல் வெளிச்சத்தில் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"அவருதான்டா. மீசை தெரியுது." அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "உசிரோட இருக்கயில ஒரு போட்டோவுக்கு வந்து நிக்கமாட்டாரு மனுசன். இப்ப எதுக்கு வந்து நிக்கிறாரு? எல்லாம் நீ வேட்டியத் தொட்டதால வந்தது."

நானும் பார்த்தேன். பார்க்கப் பார்க்க எனக்கும் மீசை தெரிய ஆரம்பித்தது. (அன்று ராத்திரி தனியாக வெளியே போகவில்லை.)

செல்வி மட்டும் பார்க்கவில்லை. "அப்ப அவங்க வேணாமுன்னு சொல்லிட்டாங்களா?" என்று கேட்டாள். அன்று சாப்பிடவில்லை.

வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை. நேரில் வந்தார்கள். ரவியின் அம்மா கதவுக்குப் பின்னால் பார்த்தார். கட்டிலுக்குக் கீழே பார்த்தார். சாமிப் படங்களை எண்ணினார். கொடுத்த தேத்தண்ணியைக் குடிக்காமல் கையில் வைத்திருந்தார். ரவி குடித்துவிட்டு உயிரோடு இருப்பதைப் பார்த்த பிறகுதான் குடித்தார்.

வெளியே பனி இறங்கியது.

"தம்பி, அந்தக் கெமராவ எடுங்க," என்றார். "புள்ளய அதே எடத்துல நிப்பாட்டி, என் கண்ணு முன்னால எடுங்க. பாத்துப்புடுறேன்."

செல்வி அசையவில்லை. அவள் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை.

"நான் மட்டும் எதுக்குண்ணே நிக்கணும்? அவரையும் நிக்கச் சொல்லுங்க."

பெரியசாமிக்கு இருமல் வந்தது. ரவியின் அம்மா வாயைத் திறப்பதற்குள் ரவி எழுந்து செருப்பைப் போட்டார்.

"நான் நிக்கிறேன். எடுங்க."

செல்வியை எடுத்தேன். அதே இடத்தில் ரவியை எடுத்தேன். எடுத்த கையோடு ரவியின் அம்மா கெமராவை வாங்கிக்கொண்டார். எல்லாரும் அவர்கள் வந்த வேனில் ஏறி டவுனுக்குப் போனோம். வழி முழுக்கக் கெமரா அவர் மடியில், முந்தானைக்குள் இருந்தது. நான் ஏதாவது செய்துவிடுவேனாம்.

கடைக்காரர் கம்பியூட்டரில் முதலில் செல்வியைப் போட்டார். சுற்றி வட்டங்கள்.

"பாத்தீங்களா?" என்றார் ரவியின் அம்மா. "நான் சொன்னேன்ல."

அடுத்தது ரவி. தலைக்கு மேலே வட்டம், தோளில் வட்டம், நெற்றியில் பெரிதாக ஒன்று. ஆள் பாதிதான் தெரிந்தார்.

ரவியின் அம்மா திரைக்குக் கிட்டப் போய்ப் பார்த்தார்.

"அது பனிங்க," என்றார் கடைக்காரர். "காத்துல தண்ணித் துளி இருக்குல்ல, பிளாஷ் பட்டா இப்பிடித்தான் வெள்ளையாத் தெரியும்."

ரவியின் அம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க இவங்களுக்குச் சொந்தமா?"

அப்போது செல்விக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையை வாயில் வைத்து அடக்கினாள். முடியவில்லை. "ஒங்க பக்கம் கூட்டம் கூடத்தான் போல," என்று ரவியிடம் சொன்னாள். அவரிடம் அவள் பேசிய முதல் பேச்சு அது. ரவியும் சிரித்தார்.

"அது எங்க ஆளுங்க," என்றார் ரவியின் அம்மா. "ஒரு தொந்தரவும் பண்ணமாட்டாங்க."

பெரியசாமி அந்த நேரத்தைத் தவறவிடவில்லை. "அப்ப ரெண்டு பக்கத்துப் பெரியவங்களும் வந்து ஆசீர்வாதம் பண்ணிட்டாங்க. நாள் குறிச்சிரலாமா?"

குறித்தார்கள். கல்யாணத்தில் என்னைக் கெமராவைத் தொட விடவில்லை. மச்சான் ரவி லொறி ஓட்டிப் போகிற இடத்தில் பழைய கெமரா ஏதாவது கண்டால் எனக்குப் போன் பண்ணிச் சொல்வார். சொல்லிவிட்டுச் சிரிப்பார். அம்மா அந்த வேட்டியை மடித்துப் பெட்டிக்குள் பூட்டிவிட்டாள். சாவியை என்னிடம் தருவதில்லை.

அந்த இரண்டு படங்களும் கந்தப்பளை வீட்டில் ஒரே சட்டத்துக்குள் இருக்கின்றன. பனியாம், தண்ணித் துளியாம், சம்பந்தியம்மா இன்னும் நம்பவில்லை. வருகிறவர்களிடம் எல்லாம், மருமகளோடு வந்தவர்கள்தான் அதிகம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். போன பொங்கலுக்கு நாங்கள் போயிருந்தபோதும் சொன்னார். செல்வி எழுந்து, படத்தைக் கழற்றி எல்லார் நடுவிலும் வைத்து, விரல் வைத்து எண்ணினாள். மாமியாரையும் கூடவே எண்ண வைத்தாள்.

செல்வி பக்கம் பதினாறு. ரவி பக்கம் முப்பத்தொன்று.