தலைவர் ஏந்திய கஞ்சிப் பானை

எங்கள் மலாய் நாட்டு ஊரில், காஜா பேராங் பகுதியிலிருந்த ஒரு நோயாளிக்குக் கஞ்சி கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அன்றைய வேலை அவ்வளவுதான்.

நோயாளி ராஜா பிள்ளை. அங்கே செட்டி மக்கள் வாழும் கம்போங் செட்டிக்காரர், எங்கள் சகோதர சங்கத்தின் பழைய உறுப்பினர். மலேரியா அவரை அடித்துப் போட்டிருந்தது. மரவள்ளிக்கிழங்கு உள்ளே போன வேகத்தில் வெளியே வந்தது. அரிசிக் கஞ்சி வயிற்றில் தங்கினால் பிழைப்பார் என்றார் மருந்துக் கடைக்காரர்.

ஜப்பான்காரன் ஆட்சியில் அரிசியைக் கண்ணால் பார்ப்பதே அபூர்வம். உறுப்பினர்கள் தங்கள் வீட்டுப் பானைகளைச் சுரண்டி ஆளுக்கொரு பிடி கொடுத்தார்கள். ஒரு வேளைக் கஞ்சிக்குத் தேறியது.

அதைக் கொண்டுபோக வேண்டியவர் தலைவர். தலைவர் நான்.

எப்படி ஆனேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வெள்ளைக்காரன் காலத்தில் அந்த நாற்காலிக்காகச் சட்டை கிழிந்திருக்கிறது. இப்போது தலைவரின் பெயரை ராணுவ அலுவலகத்தில் கொடுக்க வேண்டும் என்றதும் எல்லாருக்கும் தன்னடக்கம் வந்துவிட்டது. வேலை பார்த்த பத்திரிகை மூடிப்போய்ச் சும்மா இருந்த நான், கூட்டத்தின் நடுவே சுருட்டுப் பற்றவைக்க வெளியே போனேன். திரும்பி வந்தபோது கைதட்டினார்கள்.

சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. நோயாளிக்கான கஞ்சியைத் தலைவரே இரு கையாலும் ஏந்தி நடக்க வேண்டும். வழியில் தரையில் வைக்கக் கூடாது. கை மாற்றவும் கூடாது. தலைவனுக்குத் தலைக்கனம் வரக் கூடாது என்று முன்னோர்கள் யோசித்திருக்கிறார்கள். வழியில் ஜப்பான் சிப்பாய் நிற்பான் என்று யோசிக்கவில்லை.

சங்கம் இருந்த ஜாலான் துக்காங் எமாஸ் தெருவிலிருந்து கிளம்பினோம். கூடவே செயலாளர் வேலாயுதம், வெறுங்கையோடு.

"கொஞ்சம் பிடிங்க வேலு, கை கடுக்குது."

"பிடிக்கிறதுக்கு என்ன தலைவரே. சட்டம் இருக்கே."

காஜா பேராங் முனையில் காவல் சாவடி. சிப்பாயைக் கண்டால் இடுப்பு மடியக் குனிய வேண்டும். வேலாயுதம் அழகாகக் குனிந்துவிட்டு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டார்.

நான் தலையை மட்டும் தாழ்த்தினேன்.

கன்னத்தில் ஓர் அறை. "லாகி" என்றான். மலாயில் 'மறுபடி' என்று அர்த்தம். பானைக்குள் என்ன ஒளித்திருக்கிறேனோ என்று துப்பாக்கி முனையால் மூடியையும் தட்டிவிட்டான். அது உருண்டுபோய்ச் சாக்கடையில் விழுந்தது.

வேலாயுதம் அந்தப் பக்கமிருந்து மெல்லிய குரலில் ஊக்கம் கொடுத்தார்: "தலைவரே, கீழ மட்டும் வச்சிடாதீங்க."

குனிந்தேன். பானையும் என்னோடு குனிந்தது. என் வேட்டி நனைந்தது. மிச்சம் சாலையில் ஓடி, சிப்பாயின் பூட்ஸுக்குப் பக்கத்தில் போய் நின்றது.

அவன் பூட்ஸைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். ஓர் அடி பின்னால் நகர்ந்துகொண்டு சொன்னான்: "லாகி."

மூன்றாம் முறை எதுவும் கொட்டவில்லை. கொட்ட ஏதாவது இருப்பதாகவும் எனக்குத் தோன்றவில்லை. அதனால் மிக நன்றாகக் குனிந்தேன். போ என்று கையசைத்தான்.

"சட்டத்தைக் காப்பாத்திட்டீங்க" என்றார் வேலாயுதம்.

"கஞ்சியை?"

"அதைப் பத்திச் சட்டத்துல ஒண்ணும் இல்லையே."

பானைக்குள் பார்க்கத் தைரியம் வரவில்லை. எத்தனை அடுப்படியில் கை நீட்டி வாங்கிய அரிசி! அந்த மனுஷன் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று நினைத்தபடியே நடந்தேன்.

செட்டி மக்கள் பல தலைமுறைக்கு முன் இங்கே குடியேறிய தமிழர்கள், வீட்டில் பேசுவது மலாய். அவர்கள் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன். ராஜா பிள்ளையின் மனைவி என் வேட்டியைப் பார்த்தார்.

"வழியில மழையா?"

வேலாயுதம் நடந்ததை விளக்கினார். அந்த அம்மாள் பொறுமையாகக் கேட்டார்.

"அவன் முன்னால கீழ வச்சிட்டுக் குனிஞ்சிருக்கலாமே. நான் என்ன பார்த்துக்கிட்டா இருந்தேன்?"

வேலாயுதம் கூரையைப் பார்க்க ஆரம்பித்தார்.

அந்த அம்மாள் அகப்பையை உள்ளே விட்டார். கெட்டியாக ஏதோ வந்தது. சோறு. குறுகிய வாய்ப் பானை. தண்ணீர் மட்டும் சிப்பாய்க்குப் போயிருக்கிறது, சோறு அடியிலேயே படிந்து நின்றுவிட்டது. எங்கள் சங்கத்துக் கஞ்சி அவ்வளவு தண்ணீர், அதில் முகம் பார்த்து மீசை திருத்தலாம் என்று பெயரெடுத்தது. அது இப்படியும் உதவும் என்று யாருக்குத் தெரியும்.

மசித்துக் கொடுத்தார். ராஜா பிள்ளை தலையணையில் சாய்ந்தபடி மெதுவாகச் சாப்பிட்டார். திரும்பி வருமோ என்று நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். வரவில்லை.

கிண்ணத்தை வழித்து முடித்தபின் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். குரல் எழும்பவில்லை. குனிந்து காதைக் கொடுத்தேன்.

"நாளைக்கும் அந்தச் சிப்பாய் வழியாவே வாங்க, தலைவரே."