என் வலது கையும் உங்கள் புது கோட்டும்

இரும்புலியூர்,
செவ்வாய்க்கிழமை.

மரியாதைக்குரிய மச்சான் ஆஸ்டின் அவர்களுக்கு,

உங்கள் தங்கை யூனிஸின் கணவன் லாசரஸ் எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் இங்கே என் வலது கையைத் தவிர எல்லோரும் சுகம். திருச்சியில் நீங்களும் அக்காவும் உங்கள் புது கோட்டும் சுகமாக இருக்க ஜெபிக்கிறோம்.

போனிலேயே பேசியிருக்கலாம். ஆனால் போனில் நீங்கள்தான் பேசுவீர்கள். அதனால்தான் கடிதம். நான் சொல்லச் சொல்ல யூனிஸ் எழுதுகிறாள். ஒரு எழுத்தையும் மாற்றமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறாள்.

ஆறு வாரத்துக்கு முன் தாம்பரம் ஸ்டேஷன் மேம்பாலப் படியில், கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண்ணுக்கு வழிவிட்டு ஒதுங்கியபோது நான் சறுக்கி விழுந்ததும், தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே எலும்பு ஒடிந்ததும் உங்களுக்குத் தெரியும். முப்பத்தொரு வருடம் டிரில் மாஸ்டராக இருந்து எத்தனையோ பிள்ளைகளை விழாமல் ஓட வைத்தவன், பிறருக்கு உதவப் போய் விழுந்தேன். சேதி கேட்டதும் நீங்கள் போன் செய்து, “ஆபரேஷன் பண்ணி பிளேட் வெச்சிடுங்க மாப்ளே, ஜெரூஷா கல்யாணத்துக்குப் பன்னெண்டு வாரம்தான் இருக்கு. கை சரியாகலேன்னா கவலைப்படாதீங்க, பிள்ளையை ஆல்டர் வரைக்கும் நான் கூட்டிக்கிட்டு நடக்கிறேன்” என்றீர்கள். மகளைக் கைகோத்துக் கோயிலுக்குள் அழைத்துப்போக முடியாமல் போகலாம் என்று ஒரு கவலை இருப்பதே அதுவரை எனக்குத் தெரியாது. நீங்கள்தான் அறிமுகப்படுத்தி வைத்தீர்கள். மறுநாளே நீங்கள் கோட்டுக்கு அளவு கொடுக்கும் போட்டோ வாட்ஸப்பில் வந்தது. என் கையில் வீக்கம்கூட அப்போது வடியவில்லை.

குரோம்பேட்டையில் நான் பார்க்கும் டாக்டர் ரேஷ்மாவுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, “வெட்ட வேணாம் சார். இந்த எலும்பு பெரும்பாலும் பிரேஸ்லயே கூடிடும். கூடலேன்னா அப்புறம் ஆபரேஷன் பத்திப் பேசிக்கலாம். கை மட்டும் தொங்கணும். கையோட எடையே எலும்பை நேரா வெச்சுக்கும்” என்றார். பிரேஸ் என்பது வேறொன்றுமில்லை, மேல்கையைச் சுற்றி இரண்டு பிளாஸ்டிக் ஓடு, அதை இறுக்க ஒட்டுப்பட்டை. வீக்கம் குறையக் குறைய இறுக்க வேண்டும். நீட்டிப் படுக்கக் கூடாது, நாற்காலியில் சாய்ந்தே தூங்க வேண்டும். முழங்கைக்கு அடியில் முட்டுக் கொடுக்கவே கூடாது. இவ்வளவுதான் வைத்தியம். சும்மா இருப்பதே சிகிச்சை என்று ஒரு டாக்டர் சொல்லி நான் கேட்டது இதுவே முதல் தடவை.

ஆனால் ஊர் சும்மா இருக்குமா? ஆபரேஷன் இல்லை என்றதும் எல்லோருக்கும் என்மேல் இருந்த மரியாதையே போய்விட்டது. கீழ்வீட்டு ஜெயவேலு என் கையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, “இன்னா சார், வெட்டலியா, தெக்கலியா? அப்போ எலும்பு ஒடியவே இல்ல போல கீது. சுளுக்குக்குப் போயி இவ்ளோ பேஜாரா?” என்று கேட்டான். சபையிலோ, என் ஆபரேஷன் நல்லபடியாக முடிய வேண்டும் என்று இரண்டு ஞாயிறு ஜெபித்துவிட்டார்கள். நடக்காத ஆபரேஷனுக்கு மூன்றாவது ஞாயிறு ஸ்தோத்திரமும் சொல்லிவிட்டார்கள். எழுந்து நின்று மறுக்க எனக்குத் தைரியம் வரவில்லை. வெளியே வந்ததும் நான்கு பேர் தழும்பைக் காட்டச் சொன்னார்கள்.

அதோடு விட்டார்களா? பெண்கள் ஐக்கிய சங்கத்திலிருந்து ஆறு பேர் என்னைப் பார்க்க வந்தார்கள். ஹார்லிக்ஸ் பாட்டில் ஏற்கெனவே வீட்டில் ஒன்பது இருப்பதை யாரோ சொல்லியிருக்க வேண்டும், ஒரு தலையணை கொண்டுவந்தார்கள். ‘கர்த்தர் உன்னைத் தாங்குவார்’ என்று சிவப்பு நூலில் தைத்த தலையணை. சங்கத் தலைவி ஜான்சி அம்மா, “ஐயோ பாவம், கை அந்தரத்துல தொங்குதே!” என்று அதை என் முழங்கைக்கு அடியில் வைத்துவிட்டார். வேத வசனத்தைத் தூக்கி எறிய முடியுமா? அவர்கள் ஐந்து பாட்டுப் பாடி முடிக்கும் வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன். அடுத்து வந்தவர்களும் அதே தலையணையை எடுத்து அதே இடத்தில் வைத்தார்கள். மூன்றாம் வார எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர், “கொஞ்சம் சாய்ஞ்சிருக்கே சார், யார் கையைத் தூக்கி வெச்சது?” என்று கேட்டார். சபை என்று சொல்ல வாய் வரவில்லை. இப்படியே போனால் ஆபரேஷன்தான் என்று சொல்லி அனுப்பினார். அன்று நான் பயந்தேன் மச்சான், அதை மறைக்க விரும்பவில்லை.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். கல்யாண ஆராதனையைப் பற்றிப் பேசப் போனபோது ஆயர், “வலது கை முடியலேன்னா என்ன, இடது கையைக் குடுங்க பிரதர்” என்று சாதாரணமாகச் சொன்னார். இடது கையா? பிச்சைக்காரனுக்குக்கூட நாம் இடது கையால் போடுவதில்லை. பக்கத்து வீட்டுக்குக் கறிவேப்பிலைக் கொத்து கொடுத்தாலும் வலது கையால் கொடுக்கும் குடும்பம் இது. இருபத்தேழு வருடம் வளர்த்த ஒரே மகளை இடது கையால் கொண்டுபோய்க் கொடுப்பேனா? மாப்பிள்ளை ஜாய்சன் நல்ல பையன், ஒன்றும் சொல்லமாட்டான். அவன் வீட்டார் என்ன நினைப்பார்கள்? என் மனசு என்ன சொல்லும்? ஆகவே வலது கையில்தான் என் மகள் வருவாள். பிரேஸோடு நுழைகிற மாதிரி தையல்காரரிடம் வலது கோட்டுக்கையை அகலமாக வெட்டச் சொல்லியிருக்கிறேன். “ரெண்டு பேர் போட்டுக்கிற கோட்டா சார்?” என்று கேட்டார். ஆம், இரண்டு பேர் அதற்கு ஆசைப்படுகிறார்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நாளை மறுபடி எக்ஸ்ரே. எலும்பு கூடினாலும் கூடாவிட்டாலும் நான்தான் நடப்பேன், வலது கையோடுதான் நடப்பேன். உங்கள் கோட்டை வேறு நல்ல காரியத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். மனம் கசந்தால் கல்யாணத்துக்கு வராவிட்டாலும் வருத்தப்படமாட்டேன்.

அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பைச் சொல்லுங்கள். உங்கள் வாசலும் பாத்திரமும் எப்போதும் நிறைந்திருக்கட்டும்.

இப்படிக்கு,
வணங்காத கையும் வணங்கும் மனதும் உள்ள
லாசரஸ்

பின்குறிப்பு: அண்ணா, இது யூனிஸ். கொடுத்த வாக்குப்படி மேலே ஒரு எழுத்தையும் மாற்றவில்லை. கீழே எழுதக் கூடாது என்று அவர் சொல்லவில்லை. அவர் ஸ்டேஷனில் விழவில்லை. எங்கள் வீட்டு ஹாலில், ஈரத்தரையில், புது ஷூவைப் போட்டுக்கொண்டு, மாப் கட்டையை ஜெரூஷா என்று பாவித்து வலது கையில் கோத்துக்கொண்டு, பீரோவை ஆல்டர் என்று நினைத்து நடந்து பழகும்போது விழுந்தார். கைக்குழந்தைக்காரி யாரும் கிடையாது. தலையணையும் அப்படித்தான். வந்தவர்கள் வைத்தது இரண்டு தடவை, பிறகெல்லாம் சுகமாக இருக்கிறது என்று அவராகவே எடுத்து வைத்துக்கொண்டார்.

கடிதம் சொல்லி முடித்த நேரம் ஜெரூஷா ஆபீஸிலிருந்து வந்தாள். வாங்கிப் படித்துவிட்டு, “அப்பா, ஸ்கூலுக்குப் போறப்போ ஜி.எஸ்.டி. ரோட்டை எந்தக் கையைப் பிடிச்சு கிராஸ் பண்ணேன்? உங்க வலது கை எப்பவும் லாரியை நிறுத்திக்கிட்டு நீட்டியே இருக்கும். எனக்குக் கிடைச்சது இடது கைதான். எனக்கு அதுதான் வேணும்” என்றாள். அவர் தன் இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடச் சொன்னார். இவ்வளவும் எழுதிய என் கை வலி எனக்குத்தான் தெரியும், அதனால் அனுப்புகிறேன். கோட்டைப் போட்டுக்கொண்டு கட்டாயம் வா அண்ணா, முதல் வரிசையில் உட்கார்.

இப்போது ஹாலில் இடது கையை மடித்துக்கொண்டு நடந்து பழகுகிறார். மாப் கட்டையை ஒளித்து வைத்துவிட்டேன்.