ஹஃபீசாவின் ‘ம்’

கேசட்டில் வெள்ளைக்காரி ஒருத்தி தன் கைப்பை தொலைந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். முதல் வாக்கியம் முடிவதற்குள் இரண்டாவது வரிசையிலிருந்து “ம்” என்று ஒரு குரல் வந்தது. அடுத்ததற்கு “ம்ம்.” பாஸ்போர்ட்டும் பையில்தான் இருந்தது என்றதும், “அடடா.”

ஸ்ரீநிவாசராகவன் டேப்பை நிறுத்தினார். சேலையூர் கேம்ப் ரோட்டில் மருந்துக் கடைக்கு மேல்மாடியில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்துகிறவர். கால் சென்டர் வேலைக்கு ஆசைப்படும் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தைக் காதால் வாங்கக் கற்றுத்தருவதில் அவருக்குத் தனிப் பெருமை. அந்தப் பெருமையைத்தான் ஹஃபீசா தினமும் உம் கொட்டிக் கெடுத்துக்கொண்டிருந்தாள்.

“ஏம்மா, அவங்க கேசட்ல பேசறாங்க. நீ கேக்கறது அவங்களுக்குத் தெரியவா போகுது?”

“தெரியும் சார். ஆனா ஒருத்தங்க கஷ்டத்தைச் சொல்றப்ப கம்முனு உக்காந்திருந்தா நல்லாவா இருக்கும்?”

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. அவள் அம்மா தையல் மெஷினை மிதித்தபடியே நாள் முழுக்கப் பேசுகிறவள். நடுவில் உம் கொட்ட மறந்தால், சுவரோடா பேசுகிறேன் என்று கோபித்துக்கொண்டு கதையைப் பாதியில் நிறுத்திவிடுவாள். அப்படி வளர்ந்த காது அது. ஆனால் போன் இன்டர்வியூக்களில் இந்த உம்மாலேயே ஏற்கெனவே தவறியிருந்தாள். அடுத்து வரப்போகும் இன்டர்வியூதான் கடைசி, அதுவும் போனால் வேலை என்ற பேச்சே கூடாது என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். கண் கலங்க அவள் அதைச் சொன்னபோது ஸ்ரீநிவாசராகவனுக்கு மனசு கேட்கவில்லை. எப்பாடுபட்டாவது இந்த உம்மை நிறுத்திவிடுவது என்று கிளம்பினார்.

முதலில் வாயில் ஒரு கமர்கட்டை அடக்கிக்கொள்ளச் சொன்னார். வாயை மூடினால்தான் ‘ம்’ இன்னும் உருக்கமாக வரும் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

சரி, தலையை மட்டும் ஆட்டு என்றார். அவள் ஆட்டிய ஆட்டலில் பெஞ்சே ஆடி, பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்த அஸ்கரின் விடைகள் கிறுக்கலாகிப் போயின. அடுத்து ஹெட்போன் மாட்டிவிட்டார். தன் குரல் தனக்கே கேட்காததால் அவள் போட்ட ‘ம்’ கீழே கடை வரை போனது. யாருக்கோ உடம்பு முடியவில்லை போலிருக்கிறது என்று மருந்துக் கடை பக்தவச்சலம் மேலே ஓடிவந்தார். போதாக்குறைக்கு மற்ற பிள்ளைகளும் சேர்ந்து உம் கொட்ட ஆரம்பித்தார்கள்.

கடைசியில் சார் கறாராகச் சொல்லிவிட்டார். “அவங்க பேசி முடிக்கிற வரைக்கும் உதட்டைக் கடிச்சுக்கோ. ஒரு ‘ம்’ வந்தாலும் வேலை போச்சு.”

இன்டர்வியூ அழைப்பு வகுப்பிலிருந்த போனுக்கே வந்தது. அவர் ஸ்பீக்கரைப் போட்டார். மறுமுனையில் ஒரு பெண். ஊர், படிப்பு எல்லாம் விசாரித்தாள்; ஹஃபீசா தடங்கலில்லாமல் பதில் சொன்னாள். இனி தான் ஒரு வாஷிங் மெஷின் வாடிக்கையாளராகப் புகார் சொல்லப்போவதாகவும், கவனமாகக் கேட்கும்படியும் சொல்லிவிட்டு அந்தப் பெண் ஆங்கிலத்தில் ஆரம்பித்தாள். ஹஃபீசா உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

லைனில் இருக்கிறீர்களா என்றது மறுமுனை. இருக்கிறேன் என்றாள். கொஞ்ச நேரத்தில் மறுபடி அதே கேள்வி, இந்த முறை எரிச்சலோடு.

மெஷின் கக்கிய தண்ணீரில் வீடே மிதக்கிறது என்றதும் ஹஃபீசாவால் தாங்க முடியவில்லை. “ம்” என்றாள். ஸ்ரீநிவாசராகவன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

குரல் தொடர்ந்தது. கணவர் வெளியூரில். “ம்.” மாமியாருக்கு முட்டி வலி. “ம்ம்.” குழந்தைக்குக் காய்ச்சல், அப்படியே விட்டுவிட்டு வேலைக்கு வந்திருக்கிறேன் என்றபோது அந்தக் குரல் கம்மியது.

“அடடா,” என்றாள் ஹஃபீசா.

போனில் சத்தமே இல்லை. எல்லாம் முடிந்தது என்று அவள் முகம் சிறுத்துப்போனது. அவள் தோளைத் தட்டிக்கொடுக்கத்தான் அவருக்குத் தோன்றியது. திட்ட மனம் வரவில்லை. அவள் சமாளித்துக்கொண்டு, “சாரி மேடம், நீங்க சொன்னதெல்லாம் ஞாபகம் இருக்கு, கேள்வி கேளுங்க,” என்று ஆங்கிலத்தில் கெஞ்சினாள்.

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு குரல் தமிழில் வந்தது.

“கேள்வியெல்லாம் வேணாம்மா, திங்கட்கிழமை வந்து சேர்ந்துடு. டெஸ்ட் வாஷிங் மெஷினோடயே முடிஞ்சுபோச்சு. நீ உம் கொட்டக் கொட்ட, அதுக்கப்புறம் நான் சொன்னதெல்லாம் எங்க வீட்டுக் கதை.”